கறுப்புப் பெட்டியில் வளர்ந்த கீரை

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளையவர்களிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. பாதிக் கதையிலேயே அவர்களுக்கு போன் வந்துவிடுகிறது.

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. வீடுகளில் செத்துக் கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிகளை ஞாயிற்றுக்கிழமை கேட் அருகே கொண்டுவந்து வைத்துவிட்டால் ஆக்ரிக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று செயலாளர் அறிவித்தார். திருவனந்தபுரத்தில் பழைய சாமானுக்கு ஆக்ரி என்று பெயர். அதை வாங்கி விற்கிறவர் ஆக்ரிக்காரர். நான் எழுந்து நின்று, அவர் அதை எங்கே கொண்டுபோவார் என்று கேட்டேன். "அதொக்கெ அவரு நோக்கிக்கொள்ளும், சேச்சி" என்றார் செயலாளர். அதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம். எங்கே என்றுதான் கேட்கிறேன் என்று திரும்பவும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த விஷயம் தெருநாய்த் தொல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷம் அது எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாக்குப்பையோடு இந்த ஊருக்கு வந்தவர். தெருத் தெருவாகக் கூவிப் பழைய பேப்பரும் பாட்டிலும் எடுத்தவர், எனக்கு நினைவு தெரியும்போது கரமனை ஆற்றின் கரையோரம் ஓடு வேய்ந்த ஒரு வீட்டையும் அதன் பின்னால் பெரிய முற்றத்தையும் வாடகைக்குப் பிடித்து ஆக்ரி கடை வைத்திருந்தார். கொஞ்சம் தள்ளி அக்ரகாரத் தெருக்கள். அங்கே இருந்தவர்கள் பேசியதும் தமிழ், நாங்கள் பேசியதும் தமிழ். ஆனாலும் அந்த வீடுகளின் பின்வாசல் வரைக்கும்தான் அப்பாவுக்கு வழி. அங்கே நின்றுதான் ஓட்டை விழுந்த வெண்கலப் பானையையும் கால் ஒடிந்த நாற்காலியையும் வாங்கிக்கொண்டு வருவார்.

அந்த முற்றத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸ் ஏலத்தில் எடுத்த டைப்ரைட்டர்கள் எழுத்துக் கம்பிகளை மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். வால்வு பிடுங்கிய ரேடியோப் பெட்டிகள், சக்கரமில்லாத தையல் மெஷின், பஸ் சீட்டின் சுருள்கம்பி, விழிஞ்ஞத்திலிருந்து வந்த படகு எஞ்சின் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். மழை பெய்து வெறித்ததும் துருவும் மண்ணெண்ணெயும் நனைந்த காகிதமும் கலந்து ஒரு வாசனை எழும். அது எனக்குப் பிடித்த வாசனை. பழைய பஸ் ஹாரன் ஒன்று, ரப்பர்க் குமிழ் வைத்தது, தம்பியின் சொத்தாக இருந்தது. காலையில் அவன் அதை அழுத்தித்தான் எங்களை எழுப்புவான். ஹாரனும் பிறகு ஏதோ ஒரு பாரத்தோடு போய்விட்டது.

ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று அப்பாவுக்குத் தெரியும். பித்தளை நாகர்கோவிலுக்கு. இரும்பு லாரியில் ஏறி மலை தாண்டி உருக்கு ஆலைக்கு. காகிதம் பட்டாசுக் குழாய் சுற்றுவதற்கு. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருக்கும். "எதுவும் சாகிறது கிடையாது மக்கா. வேற ஆளா மாறி வரும், அவ்வளவுதான்" என்பார். அவர் சொன்னதை நம்பி நான் டைப்ரைட்டரின் 'A' எழுத்தைக் கழற்றிப் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டேன். அது எதுவாக மாறுகிறது என்று பார்க்கலாமே என்றுதான். ஆற்றில் குளிக்கும்போது விழுந்துவிட்டது.

ஓணம் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். ஒரு லாரிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அங்கே ஷெட் நிறையக் குவிந்து கிடந்த பழைய பேட்டரிகளை அப்பா மொத்தமாக எடுத்தார். அந்தக் காலத்துப் பேட்டரி உங்களுக்கு நினைவிருக்கும். கறுப்பு ரப்பர்ப் பெட்டி, மேலே தார் பூசி அடைத்திருக்கும், இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். அதற்கு முன்பெல்லாம் பேட்டரி வந்தால் அப்பா அப்படியே வேறு வியாபாரிக்குக் கைமாற்றி விடுவார். இந்தத் தடவை தானே உடைத்து ஈயம் எடுப்பது என்று தீர்மானித்துவிட்டார். விழிஞ்ஞத்து மீனவர்களுக்கு வலையில் கட்ட ஈயக்குண்டு எப்போதும் தேவை. வார்த்துக் கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொள்வார்கள்.

இதற்காக மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் உருக்குக்காரர் வந்தார். ஒல்லியான, சாம்பல் நிறமான மனிதர். சிரித்தால் பல்லின் அடியில் ஈறோரமாக நீலக்கோடு ஒன்று தெரியும். வெற்றிலைக் கறை என்று நினைத்துக்கொண்டேன். அவர் முற்றத்தின் மூலையில் செங்கல் அடுக்கி உலை கட்டினார். பேட்டரியைக் கவிழ்த்து ஆசிட்டை ஓடையில் விடுவது, பெட்டியைச் சம்மட்டியால் உடைப்பது, உள்ளே இருந்த தகடுகளை உலையில் கொட்டுவது, ஊதுசக்கரத்தைச் சுற்றுவது. கரித்தணலின் நடுவே தகடு முதலில் அழுக்காகக் குழையும். பிறகு சட்டென்று கண்ணாடி மாதிரி ஒரு குளம் தோன்றும். அதைக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றுவார். எனக்கு எட்டு வயது முடிந்திருந்தது, தம்பி ஒன்றாம் வகுப்பு. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து அந்தக் குளத்தைத்தான் பார்ப்போம்.

நான் பிறகு வீட்டு வேலைக்கு இழுக்கப்பட்டுவிட்டேன். பெண் பிள்ளை அல்லவா. தம்பி அங்கேயே இருந்தான். சிந்தித் தெறித்து உறைந்த ஈயத்துளிகளைப் பொறுக்கிக் கோலி விளையாடுவான். சூடு ஆறாததைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து உப்பிய கன்னத்தோடு சிரிப்பான். புகை உடம்பில் தங்காமல் இருக்கக் கருப்பட்டி தின்ன வேண்டும் என்று உருக்குக்காரர் நம்பினார். மடியில் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பார். தம்பி மேல் அவருக்கு அன்பு. அவருக்கு ஊரில் அதே வயதில் ஒரு பையன் இருந்தானாம். சாம்பல் அப்பிய விரல்களால் கருப்பட்டியை உடைத்துத் தம்பியின் வாயில் தினமும் தானே வைப்பார்.

உடையாத பெட்டிகளை அம்மா எடுத்துக்கொண்டாள். மண் நிரப்பி வரிசையாகக் கிணற்றடியில் வைத்தாள். சீரை விதைத்தாள். தண்டங்கீரையை நாங்களும் இங்குள்ளவர்களைப் போலச் சீரை என்றுதான் சொல்வோம். கறுப்புப் பெட்டிகளில் சிவப்புத் தண்டுகள் கொழுகொழுவென்று எழுந்து நின்றன. காசு கொடுத்துப் பூந்தொட்டி வாங்குகிறவர்கள் முட்டாள்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசியில், இங்கே துலாமாதம் என்பார்கள், மழை தொடங்கியபோது தம்பிக்கு வயிற்றுவலி வந்தது. மலம் போகாது. முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ரத்தம் இல்லை, கீரை கொடுங்கள் என்று அங்கே சொன்னதும் அம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது. வீட்டிலேயே இருக்கிறதே. தினமும் கிணற்றடியிலிருந்து பறித்து, தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டு வைத்து, அவன் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாலும் மூக்கைப் பிடித்து ஊட்டினாள். எனக்கும் அதே கூட்டுத்தான். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை, அல்லது எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் அவன் கையிலிருந்து சிலேட்டுக் குச்சி நழுவி விழுந்தது. ஓணத்துக்கு முன்னால் மலையாள அட்சரம் முழுக்கச் சொன்னவன், இப்போது பாதியில் நின்று ஜன்னலைப் பார்த்தான். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் தமிழே பேசினால் பிள்ளை எப்படிப் படிப்பான் என்று கேட்டார். அதனால் கொஞ்ச நாள் அம்மா அவனிடம் தட்டுத்தடுமாறி மலையாளம் பேசினாள். எத்தனை பேர் அவனைப் பார்த்தார்கள். டாக்டர் பார்த்தார், டீச்சர் பார்த்தார், நாங்கள் பார்த்தோம். ஒருவர்கூடக் கொல்லைப்புறத்தில் எழும் புகையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இல்லை, ஒருவர் பார்த்தார். அதுதான் இன்னும் மோசம்.

மதிலுக்கு அப்பால் மலையாளி சார் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஓடை அவர் வளவைச் சுற்றித்தான் ஆற்றுக்குப் போகும். அவர் வாத்து வளர்த்தார். மழையில் ஓடை பெருகி அவருடைய குட்டையில் கலந்தது. வாத்துகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் செத்தன. அவர் செத்த வாத்து ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"இது விஷமாணு. இவிடெ குட்டிகள் உண்டு. நிர்த்தணம்" என்றார். இது விஷம், இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், நிறுத்த வேண்டும் என்று.

அதோடு அவர் திரும்பிப் போயிருந்தால் அப்பா ஒருவேளை யோசித்திருப்பார். போகும்போது, தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்களிடம் இன்னொன்றையும் சொன்னார். "பாண்டிகள் வந்நு நாடு முடிச்சு." பாண்டிகள் வந்து ஊரையே கெடுத்துவிட்டார்கள் என்று. பாண்டி என்றால் தமிழன். மரியாதையாக யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பின்வாசல்களில் நின்று நின்று அந்தச் சொல்லை அப்பா நிறையக் கேட்டிருந்தார். முகம் கறுத்துவிட்டது.

"வாத்துக்காக வரலட்டி அவன். நம்ம பொழைக்கிறது அவனுக்குப் பொறுக்கல" என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் உலை இன்னும் சீக்கிரமே பற்ற வைக்கப்பட்டது. சார் சொன்னதில் முதல் பாதி அத்தனையும் உண்மை. இரண்டாவது பாதியைச் சொல்லிவிட்டதால் முதல் பாதி எங்கள் வீட்டுப் படியேறவே இல்லை. எனக்கு அந்த மனிதர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அப்பா மேலும் இருக்கிறது. எது அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை.

கிறிஸ்மஸ் விடுமுறையில் அம்மா தம்பியை நாகர்கோவிலில் மாமா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மாற்றிடம் போனால் தேறுவான் என்று யாரோ சொன்னார்கள். தேறினான். வயிற்றுவலி நின்றது. மாமா வீட்டுத் தோப்பில் ஓடினான், இரண்டாம் தடவை சோறு கேட்டான். விடுமுறை முடிந்த பிறகும் அம்மா அவனை அங்கேயே கொஞ்சம் வைத்திருந்தாள். அங்கிருந்து திரும்பி வந்த அன்று அவன் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கியது எனக்கு நினைவிருக்கிறது. கன்னத்தில் சிவப்பு இருந்தது.

கொஞ்ச நாளில் மறுபடியும் சுருண்டு படுத்துவிட்டான்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இங்கே இருந்தால் நோவு, அங்கே போனால் சுகம், திரும்பி வந்தால் நோவு. இதற்கு மேல் ஒரு பிள்ளையின் உடம்பு எப்படிப் பேச வேண்டும்? அப்பா இதை யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்தார். யோசித்து அவர் கண்டுபிடித்தது, அங்கே பள்ளிக்கூடம் இல்லை, இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதுதான்.

"நடிக்கான். படிக்க மடி. அங்க ஓடுன காலு இங்க ஏன் ஓடல?" என்றார். மடி என்றால் சோம்பல்.

அவனை எழுப்பி நிறுத்தி, சைக்கிள் டியூப்பை இரண்டாக மடித்து அடித்தார். அம்மா குறுக்கே வந்து, தன் கையிலும் வாங்கிக்கொண்டு, "போதும், போதும்" என்றாள். ஆனால் நடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் சந்தேகம் வந்திருந்தது. தம்பி அழவே இல்லை. அடிக்கிற கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதையும் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெண்கள் கோயிலுக்குப் பொங்கலிடும் மாசிப் பொங்காலை சமயத்தில், பட்டப்பகலில், வகுப்பறையிலேயே அவனுக்கு வலிப்பு வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பெஞ்சுக்குக் கீழே கிடந்தான். டீச்சர் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தான். காக்காய் வலிப்பு என்று பெயர் எழுதி மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார்களா என்றால், கேட்டார்கள். அப்பா "கச்சவடம்" என்றார். வியாபாரம். அவர்கள் அதையே எழுதிக்கொண்டார்கள்.

உலை நின்றது தம்பிக்காக இல்லை. உருக்குக்காரரின் மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. கரண்டியைத் தூக்குவார், கை கீழே சரிந்துவிடும். ஒரு நாள் கொதிக்கிற ஈயம் அவர் பாதத்தில் கொட்டிவிட்டது. அப்பா நல்ல துணி சுற்றி, அவரைத் தானே பஸ் ஏற்றிவிட்டு வந்தார். உருக்குக்காரர் போகும்போது மீதிக் கருப்பட்டியைத் தம்பிக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். வேறு ஆள் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த பேட்டரிகளை அப்பா வேறு வியாபாரிக்குத் தள்ளிவிட்டார். அவர் அதை எங்கே கொண்டுபோனாரோ. அங்கேயும் யாராவது ஒரு பையன் கோலி விளையாடியிருப்பான்.

தம்பியின் வயிற்றுவலி மெல்ல நின்றது. வலிப்பும் பிறகு வரவில்லை. பழைய தம்பிதான் வரவில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. விரல்களில் பலம் கூடவே இல்லை. அப்பா கடையை என் கணவரிடம் ஒப்படைத்தார். சொந்த மகன் இருக்க மருமகனுக்கு ஏன் என்று கேட்டவர்களிடம், அவன் தலையில் எதுவும் நிற்காது, மண்டன், மடியன் என்று அவன் காதுபடவே சொல்வார். சாகிறவரைக்கும் சொன்னார். தம்பி தம்பானூரில் ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் அறை துடைக்கப் போனான். இப்போதும் அங்கேதான். தலை முழுக்க நரைத்துவிட்டது, எல்லாரும் அவனைப் பையன் என்றே கூப்பிடுகிறார்கள்.

முற்றம் இருந்த இடத்தில் இன்று ஆறு மாடிக் கட்டிடம். உலை இருந்த மூலையில் ஊஞ்சலும் சறுக்குமரமும் போட்டிருக்கிறார்கள். மண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று கட்டும்போதே போய்ச் சொன்னேன். பணிவாகக் கேட்டுக்கொண்டு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

இதெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்தது போன வருஷம்தான். தம்பிக்குச் சிறுநீரகம் சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு இளம் பெண் டாக்டர். பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயிண்ட் வேலை செய்ததுண்டா, பேட்டரி வேலை செய்ததுண்டா என்று கேட்டபோது அவன் இல்லை என்று தலையாட்டினான். நான்தான், சின்ன வயதில் எங்கள் வீட்டில் உருக்கினார்கள் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். தம்பியை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். வயிற்றுவலி, வெளுத்த முகம், நழுவிய சிலேட்டுக் குச்சி, நாகர்கோவில், வலிப்பு, உருக்குக்காரரின் நீல ஈறு, தொங்கிய மணிக்கட்டு என்று நான் சொல்லிக்கொண்டே போக, ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார். "ஈயமாணு, அம்மே" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எந்தச் சோதனையிலும் அதை உறுதியாகக் காட்ட முடியாது என்றும் சொன்னார். அவர் வரைக்கும் அவருக்குச் சந்தேகம் இல்லையாம்.

இதைத் தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் புழுங்கினேன். இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. ஒரு பகல் வேளையில் லாட்ஜுக்குப் போனேன். மொட்டைமாடியில் துவைத்த படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். விரலில் பிடி இல்லாததால் விரிப்பை முழங்கையில் போட்டுக் கொடியில் வீசுவான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், புகை, கருப்பட்டி, அம்மாவின் கீரை. டாக்டர் சொன்னது. அவன் விரிப்புகளை வீசிக்கொண்டே இருந்தான். கேட்கிறானா இல்லையா என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

கடைசியில் கை நின்றது.

"அப்போ நான் மண்டன் இல்ல, அல்லே அக்கா?" என்றான்.

"இல்லடா. ஒருநாளும் இல்ல."

"மடியனும் இல்ல."

"இல்ல."

அவன் ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி ஒன்று வந்து நின்றது, ஜனம் இறங்கியது, அது போயிற்று. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அப்பாட்ட இத யாரு சொல்லுவா?"

அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கொள்ளி வைத்தவனே அவன்தான். வாளியிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து அவன் ஒரு முனையை நீட்டினான். மறுமுனையைப் பிடித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, நான் முறுக்கிப் பிழிந்தேன்.